உயரம் வேறு, உறுதி வேறு



பழைய ஃபோர்வீல் வண்டி வாங்கும் ஆசை தோட்டத்து இளைஞர்களை விட்டபாடில்லை. நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து வாங்குகிறார்கள். அல்லது அப்பாவுக்கு வந்த சேமநிதிப் பணத்தில் ஒரு பங்கைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆசையில் தவறில்லை. மழைக்காலத்தில் செம்மண் பாதையில் டுரியானும் காய்கறியும் செம்பனைக் குலையும் ஏற்றிவர அப்படி ஒரு வண்டி இருந்தால் குடும்பத்துக்கு உதவிதான். ஆனால் வண்டி வீட்டு வாசலுக்கு வந்த மறுவாரமே என்னிடம் வந்து அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், இதை எத்தனை அங்குலம் தூக்கலாம்?"

நான் திருப்பிக் கேட்பேன்: "தம்பி, அது எத்தனை அங்குலம் இறங்கியிருக்கிறது என்று முதலில் அளந்தாயா?"

பெரும்பாலும் பதில் வராது. இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். வண்டி ஓட்டாத தாய்மார்களும் இதைப் படிக்க வேண்டும். ஏனென்றால் செலவாவது வீட்டுப் பணம். அந்த வண்டியில் ஏறிப் போவது உங்கள் பிள்ளைகள்.

காண்டாக் கம்பு சொல்லும் பாடம்

ரப்பர்க் காட்டில் பால் சுமந்தவர்களுக்கு ஸ்பிரிங்கைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளி தொங்கும். நடக்க நடக்கக் கம்பு வளைந்து வளைந்து கொடுக்கும். வளையாத கம்பாக இருந்தால் தோள் புண்ணாகும், பாலும் சிந்தும். அளவுக்குமேல் வளைகிற கம்பாக இருந்தால் வாளி தரையைத் தட்டும். நல்ல கம்பு வளையவும் வேண்டும், பழைய நிலைக்குத் திரும்பவும் வேண்டும்.

வண்டியின் ஸ்பிரிங் வேலையும் அதுதான். பழைய வண்டிகளில் இருப்பது பட்டை ஸ்பிரிங். நீளமான இரும்புப் பட்டை ஒன்றின் கீழ் அதைவிடக் குட்டையான பட்டை, அதன் கீழ் இன்னும் குட்டையானது என்று அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் பிணைத்திருப்பார்கள். சுமை விழும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி வளைகின்றன. சுமை நீங்கியதும் நிமிர்கின்றன. வளையும்போது நீளம் கூடும் அல்லவா? அதற்கு இடம் கொடுக்க, ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு ஷேக்கிள் என்ற ஊசலாடும் தகடுகளால் இணைத்திருப்பார்கள். இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் இருக்கும்.

அப்சோபரின் வேலை வேறு. சாதாரண அப்சோபர் வண்டியின் பாரத்தைத் தாங்குவதில்லை. ஸ்பிரிங் குதிப்பதை அடக்குவது மட்டுமே அதன் வேலை. "வண்டி இறங்கிவிட்டது, அப்சோபரை மாற்று" என்று சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

எந்த வண்டிக்கு எது?

லேண்ட் ரோவர் முதன்முதலில் 1948-ல் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. போருக்குப் பிறகு எஃகுத் தட்டுப்பாடு இருந்ததால் அதன் மேல்தகட்டை அலுமினியக் கலவையில் செய்தார்கள். 1985 வரை வந்த 'சீரிஸ்' லேண்ட் ரோவர்கள் எல்லாவற்றுக்கும் பட்டை ஸ்பிரிங்தான். 1983-ல் வந்த ஒன்-டென் வண்டியிலும், 1984-ல் வந்த நைன்ட்டி வண்டியிலும் சுருள் ஸ்பிரிங் இடம்பிடித்தது. 1960 முதல் 1984 வரை வந்த 40-வரிசை டொயோட்டா லேண்ட் குரூசருக்கும், சுசூக்கி எஸ்.ஜே. 410 என்ற சின்ன ஜீப்புக்கும் நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். 1982-ல் வந்த முதல் மிட்சுபிஷி பஜேரோவுக்கு முன்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நீண்ட முறுக்குக் கம்பி. ஈரத்துணியைப் பிழிவதுபோல் அந்தக் கம்பி முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்கும்.

கேமரன் மலையின் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்றும் சுமை இழுக்கின்றன. அவை ஓடுவது உயரத்தால் அல்ல. எளிய அமைப்பு, எளிதில் கழற்றிப் பூட்டக்கூடிய பாகங்கள், பராமரிக்கத் தெரிந்த கைகள் ஆகியவற்றால்தான். ஆகவே லேண்ட் ரோவரையே முக்கிய உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

அளவுநாடாவும் சுத்தியலும்

பட்டறைக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் இவை. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கும் அளவுநாடா போதும்.

முதலாவது: சமமான சிமெண்டுத் தரையில், சுமை இல்லாமல், டயர்களில் சரியான காற்றோடு வண்டியை நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டின் விளிம்புவரை அளந்து, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக எழுதி வையுங்கள். இடது வலது அளவுகள் வேறுபட்டால் ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறது என்று பொருள். சீரிஸ் லேண்ட் ரோவரில் ஒரு சூட்சுமம் உண்டு. ஓட்டுநர் பக்கத்துப் பாரத்தை ஈடுகட்ட, அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கைச் சற்றுக் கூடுதல் வளைவோடு செய்திருப்பார்கள். முன்பு கழற்றியவர் இடதை வலதில் மாட்டியிருந்தாலும் வண்டி சாய்ந்தே நிற்கும்.

இரண்டாவது: முன்சக்கரத்தை நேராக வைத்து, முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம்வரை இரு பக்கமும் அளங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், பட்டைகளைப் பிணைக்கும் நடு போல்ட் அறுந்து அச்சு நகர்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டி சாலையில் நண்டுபோல் ஒரு பக்கமாகவே போகும்.

மூன்றாவது: ஸ்பிரிங்கை வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பட்டைகளுக்கு நடுவே துரு உப்பி அவற்றைப் பிரித்திருக்கிறதா? கீழ்ப்பட்டையின் நுனி மேல்பட்டையைத் தேய்த்துப் பள்ளம் பறித்திருக்கிறதா? அந்தப் பள்ளத்தில்தான் விரிசல் பிறக்கும். புஷ் ரப்பர் பிதுங்கி வெளியே வந்திருக்கிறதா? அப்சோபரில் எண்ணெய் கசிகிறதா?

நான்காவதுதான் மிக முக்கியம். லேண்ட் ரோவரின் மேல்தகடு அலுமினியம், சேசிஸ் எஃகு. மேலே பார்த்தால் வண்டி மணப்பெண்போல் நிற்கும். கீழே சேசிஸ் உளுத்துப்போயிருக்கும். அதிலும் உரம் ஏற்றிய வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஓர் உப்பு. அது ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரித்துவிடும். ஸ்பிரிங் மாட்டும் இடங்களைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால், அல்லது துருத் தகடு உதிர்ந்தால், ஸ்பிரிங் பேச்சை நிறுத்திவிட்டுச் சேசிஸைக் கவனியுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகன் வண்டி வாங்கினான். பணம் தகப்பனாருடைய சேமநிதி. முப்பது வருஷம் காட்டில் உழைத்த பணம். உயர்த்தும் செட்டும் பெரிய டயர்களும் முதலில் வந்தன. பட்டறைக்காரர் சேசிஸைத் தட்டிப் பார்க்கவில்லை, இவனும் கேட்கவில்லை. மூன்றாம் வாரம், முழுச் சுமையோடு ஒரு பள்ளத்தில் இறங்கியபோது பின் ஸ்பிரிங் மாட்டியிருந்த இடமே சேசிஸோடு பிய்ந்துவிட்டது. மெதுவாகப் போனதால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் சேசிஸைச் சரிசெய்யப் பணம் மிச்சமில்லை. புது டயர்களைப் பாதி விலைக்கு விற்றுத்தான் வண்டியை மறுபடி சாலைக்குக் கொண்டுவந்தார்கள். டயருக்குப் போன பணம் முதலிலேயே சேசிஸுக்குப் போயிருந்தால் இந்த நஷ்டம் வந்திருக்காது.

கழற்றும்போது கவனம்

சாமான்களைக் கழற்றுவது கஷ்டமில்லை. உயிரோடு கழற்றுவதுதான் முக்கியம்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் ஒருபோதும் படுக்காதீர்கள். சேசிஸுக்குக் கீழே இரும்பு ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் வேண்டவே வேண்டாம். அவை எச்சரிக்கை தராமல் நொறுங்கிவிடும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஃபோர்வீல் வண்டிகளில் கைப்பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது.

துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல்நாள் மாலையே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிடுங்கள். புஷ் வராவிட்டால் நெருப்பு வைத்துச் சுடும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. எண்ணெய்த் தொட்டியும் எண்ணெய்க் குழாயும் அருகில் இருக்கும் வண்டியில் அது வெடிக்குத் திரி வைப்பதற்குச் சமம். ரம்பப் பிளேடால் புஷ்ஷின் வெளிக்கூட்டை அறுத்து எடுக்கலாம். அல்லது அழுத்தும் கருவி உள்ள பட்டறைக்குக் கொண்டுபோகலாம்.

அச்சையும் ஸ்பிரிங்கையும் இறுக்கிப் பிடிப்பது யூ-போல்ட். கழற்றிய யூ-போல்ட்டை மறுபடி மாட்டாதீர்கள். ஒருமுறை இறுக்கி இழுபட்டது அது. நான்கு சக்கரத்துக்கும் புதிதாக வாங்குங்கள். டயரோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு.

கழற்றிய ஸ்பிரிங்கைப் பிரித்து, கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு பட்டையையும் துரு போகத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் பூசி, புது நடு போல்ட் போட்டு அடுக்கினாலே பல வண்டிகளின் உதறல் பாதி குறைந்துவிடும். பட்டைகளில் விரிசல் இருக்கக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

விரிசல் விட்ட பட்டையைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஸ்பிரிங் எஃகைச் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, பிறகு மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தியிருப்பார்கள். அந்தப் பதம்தான் அதன் உயிர். பற்றவைக்கும் சூட்டில் அந்த இடத்தின் பதம் கெட்டுவிடும். அடுத்த முறை அதற்குப் பக்கத்திலேயே ஒடியும். அதுவும் சுமையோடு மேட்டில் ஏறும்போதுதான் ஒடியும்.

திரும்ப மாட்டும்போது இன்னொன்று. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் கடைசிவரை இறுக்காதீர்கள். லேசாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டு மூன்று முறை அமுக்கி ஆட்டிவிட்டுப் பிறகு முழுவதும் இறுக்குங்கள். தொங்கும்போதே இறுக்கினால், வண்டி நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் யூ-போல்ட் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இனி உயர்த்தலாமா?

இவ்வளவும் சரியான பிறகு வண்டியை மறுபடி அளந்து பாருங்கள். தளர்ந்த ஸ்பிரிங்குக்குப் பதில் கம்பெனி அளவில் நல்ல ஸ்பிரிங் மாட்டினால், இழந்த உயரம் திரும்பி வந்துவிடும். பல பேருக்குத் தேவை அவ்வளவுதான்.

அதற்கு மேலும் உயரம் வேண்டும் என்றால் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். பட்டை ஸ்பிரிங் வண்டியில் ஸ்பிரிங்கை உயர்த்தினால் உயர்வது மேலே இருக்கும் உடல் மட்டும். அச்சும், அதன் நடுவில் உருண்டையாகத் தொங்கும் பல்சக்கரப் பெட்டியும் இருந்த உயரத்திலேயே இருக்கும். பாதையின் நடுக்கல்லில் முதலில் இடிப்பது அந்த உருண்டைதான். அதை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு உயர்வது 1 அங்குலம். டயர் 30 அங்குலத்திலிருந்து 32 ஆனால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 64-ல் போகும். பெரிய டயரை நிறுத்தப் பிரேக்குக்கும் கூடுதல் வேலை.

உயர்த்தும் வழிகளில் நல்லது, அதற்கென்றே செய்த புதிய ஸ்பிரிங் செட். நடுவில் தடித்து நுனியில் மெலிந்த இரண்டு மூன்று பட்டைகள் மட்டும் கொண்ட 'பராபோலிக்' ஸ்பிரிங்கும் உண்டு. பட்டைகள் ஒன்றோடொன்று உரசாததால் அது மெத்தென்று போகும். பழைய ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டுவது மலிவான வழி; ஆனால் வண்டி கடினமாகும். தளர்ந்த பட்டைகளோடு புதுப்பட்டையைச் சேர்த்தால் பாரமெல்லாம் புதியதன் தலையில் விழும்.

நீளமான ஷேக்கிள் மாட்டுவது சோம்பேறி வழி. ஷேக்கிள் 2 அங்குலம் நீண்டால் வண்டி உயர்வது ஏறக்குறைய 1 அங்குலம்தான். அதோடு அச்சும் சற்றுச் சுழன்று சாய்ந்துவிடும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதால்தான் ஓடும்போது சக்கரம் தானாக நேராகிறது. வண்டியின் முன் அச்சிலும் அப்படி ஒரு சாய்வு இருக்கிறது. அது கெட்டால் ஸ்டியரிங் அலையும், வளைவிலிருந்து தானாகத் திரும்பாது. அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்துவதை முன்பக்கம் ஒருபோதும் செய்யாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது அந்தக் கட்டையைப் பிடுங்கி எறியும் விசை அங்கே உண்டு.

முறுக்குக் கம்பி உள்ள பஜேரோவில் ஒரு போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் உயர்ந்துவிடும். எளிதாக இருப்பதால் எல்லாரும் திருகுகிறார்கள். கம்பி அதனால் பலமாவதில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கு இருந்த இடம் குறைந்து, சக்கரத்தைச் சுழற்றும் மூட்டுகள் கோணலாகி, அவற்றின் ரப்பர் உறை கிழிகிறது. எத்தனை சுற்றுத் திருகினீர்கள் என்று குறித்து வையுங்கள். திரும்பி வர வழி வேண்டும்.

என்னைக் கேட்டால் வேலைக்கு ஓடும் வண்டிக்கு 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பள்ளத்தாக்கு ஓரத்தில் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பதற்கும் தலைமேல் வைத்து நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் நம் பெண்களுக்குத் தெரியும். பாரம் உயர்ந்தால் தடுமாற்றமும் கூடும். மேட்டுச் சரிவில் வெட்டிய படிக்கட்டுப் பாதைகளில் ஓடும் வண்டிக்கு இதை மறக்கக் கூடாது. உயர்த்திய வண்டியின் பின்னால் ஆட்களை நிற்கவைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும்.

உயர்த்திய அன்றே பார்க்க வேண்டியவை

சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களை முழுவதும் தொங்கவிட்டுப் பாருங்கள். சேசிஸிலிருந்து அச்சுக்கு வரும் ரப்பர் பிரேக் குழாய் விறைப்பாக இழுபட்டு நிற்கிறதா? அப்படியானால் நீளமான குழாய் மாட்டாமல் ஓர் அடிகூட ஓட்டாதீர்கள். பழைய லேண்ட் ரோவர்கள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் எண்ணெய்ப் பாதைதான். ஒரு குழாய் அறுந்தால் நான்கு பிரேக்கும் போய்விடும்.

சில வண்டிகளில் பின் அச்சோடு கம்பியால் இணைத்த ஒரு பிரேக் வால்வு இருக்கும். பின்பக்கம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்துச் சுமையை அறிந்து, பின் பிரேக்கின் விசையைக் கூட்டிக் குறைப்பது அது. வண்டியை உயர்த்தினால் 'சுமையே இல்லை' என்று அது ஏமாந்து, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதைப் புதிய உயரத்துக்கு ஏற்பச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

அப்சோபர் நீளம் போதுமா, கியர்ப் பெட்டியிலிருந்து அச்சுக்குப் போகும் சுழல் தண்டு அதிகக் கோணலாகி முனகுகிறதா, முன் விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறதா, இவற்றையும் பாருங்கள். கடைசியாகச் சக்கர அலைன்மென்ட்.

சட்டமும் வீட்டுக் கணக்கும்

வண்டியின் அமைப்பை மாற்றுமுன் மலேசியாவில் சாலைப் போக்குவரத்து இலாகாவையும், சிங்கப்பூரில் நிலப் போக்குவரத்து ஆணையத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதியில்லாத மாற்றத்துக்கு அபராதம் வரலாம். அதைவிடப் பெரிது, விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதையே காரணம் காட்டக்கூடும். பட்டறைக்காரர் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வது பத்திரம் ஆகாது.

பணம் செலவழிக்கும் வரிசையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: முதலில் சேசிஸ், அடுத்து பிரேக், மூன்றாவது ஸ்பிரிங்கும் புஷ்ஷும் யூ-போல்ட்டும், நான்காவது அப்சோபர், ஐந்தாவது அளவான நல்ல டயர். உயர்த்துவது ஆறாவது. ஐந்தாவது வரியோடு பணம் தீர்ந்துவிட்டால் கவலைப்படாதீர்கள். அந்த வண்டி சுமை சுமக்கும், சம்பாதிக்கும். உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது.

கையில் அளவுநாடாவோடு இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கடியில் குனிந்து பாருங்கள். அடுத்த மாதம் பிரேக் எண்ணெயைப் பற்றிப் பேசுவோம்.